மேல்தளத்தின் முன் இருக்கை

“உங்களுக்கு என்ன வேணும் அங்கிள்?” என்று கவிப்ரியா கேட்டார்.

வடிவேலு யோசிக்கவே இல்லை.

“டபுள் டெக்கர்ல மேல, ஆக முன்னாடி சீட்டு. இடது பக்கம்.”

கவிப்ரியா எங்கள் குழுவின் சமூக ஊழியர். வீட்டுக்கே சென்று அந்திமகாலப் பராமரிப்பு தரும் குழு எங்களுடையது. அந்தக் கேள்வியைக் கேட்பது அவருடைய வேலை. பலர் நாள்கணக்கில் யோசிப்பார்கள். சிலர் அழுவார்கள். ஒருவர் மீன் தலைக் கறி கேட்டார். பேருந்து இருக்கை கேட்டவர் இவர் ஒருவர்தான்.

“நீங்க இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டுனவராச்சே?”

“ஓட்டுனேன். மேல உக்காந்ததில்ல.”

“லீவு நாள்ல கூடவா?”

சமையலறையிலிருந்து அவர் மனைவி கண்மணி பதில் சொன்னார். “லீவு நாள்ல பஸ் ஏறினா டிரைவர் பக்கத்துலயே நிப்பாரும்மா. நாங்கல்லாம் மேல போவோம். இவரு கீழ நின்னுக்கிட்டு அந்த ஆளு பிரேக் போடுறதுக்கு மார்க் போடுவாரு.”

“ஃபெயில் மார்க்தான்,” என்றார் வடிவேலு. மூச்சு வாங்கியது. காத்திருந்து மீதியைச் சொன்னார். “தீபாவளிக்கு சிராங்கூன் ரோட்டுல விளக்கு போடுறாங்கல்ல. வருஷா வருஷம் அதுக்கு அடியிலதான் ஓட்டுனேன். நான் பாத்தது சிக்னல் லைட்டும் குறுக்க ஓடுற ஆளுங்களும்தான். மேல பிள்ளைங்க ‘ஆ’ன்னு கத்துறது மட்டும் கேக்கும்லா. அப்படி என்னத்தப் பாத்துக் கத்துதுங்க? அத ஒருதரம் பாக்கணும்.”

அவருக்கு அறுபத்தொரு வயது. இரண்டு நுரையீரல்களிலும் புற்றுநோய். படுக்கையிலிருந்து கழிவறைக்கு நடந்தால் பேச்சு வர மூன்று நிமிடம் ஆகும். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது.

கவிப்ரியா என்னைப் பார்த்தார். நான் பிசியோதெரபிஸ்ட். என் பெயர் பிரேம். மற்ற பிசியோதெரபிஸ்டுகள் ஆட்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். நான் இருக்கிற மூச்சை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று சொல்லித்தருகிறேன். எழுந்திருக்கும்போது மூச்சை வெளியே விடு. பல் துலக்கும்போது உட்கார்ந்துகொள். சட்டையை மாட்ட இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்காதே. இப்படி.

“படி எத்தன இருக்கும்?” என்று கேட்டேன்.

“ஒம்போது,” என்றார் வடிவேலு. “மொத மூணு நேரா போகும். அப்புறம் வளைவு. பஸ்ஸக் கூட்டிப் பெருக்குறவங்க அங்கதான் திட்டுவாங்க.”

“பாக்குறேன் அங்கிள்,” என்றேன்.

அவருக்கு அது போதவில்லை. “பாக்குறேன்னா? ஆமாவா, இல்லையா?”

“டீம்ல பேசணும்.”

“பேசுங்க. தீபாவளிக்கு முன்னாடி பேசி முடிங்க.”

*

செவ்வாய்க்கிழமை காலையில் குழுக் கூட்டம். சுவரில் வெள்ளைப் பலகை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி: வலி, மூச்சு, உணவு, தூக்கம், குடும்பம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘என்ன வேண்டும்’. வடிவேலுவின் வரியில் கவிப்ரியா எழுதினார்: பஸ், மேல்தளம், முன் சீட்டு, ஞாயிறு மாலை.

“ஞாயிறா?” என்றார் டாக்டர் அமீரா. “லிட்டில் இந்தியாவே அன்னிக்கு ஜாம் ஆயிடுமே.”

“ஜாம்தான் வேணுமாம் டாக்டர். இருபத்தேழு வருஷம் திட்டுன ஜாம், இப்ப எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கட்டும்னு சொல்றாரு.”

டாக்டர் சிரித்தார். பிறகு மருத்துவரானார். மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் எவ்வளவு கொடுக்கிறோம் என்று கேட்டார். படியேறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஒரு சிறு அளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்றார். வலிக்குத் தருகிற அதே மருந்து, குறைந்த அளவில் மூச்சுத்திணறலையும் தணிக்கும். எவ்வளவு, எப்போது என்பதுதான் அவருடைய நிபுணத்துவம்.

தாதி உம்மு சல்மா தன் குறிப்பேட்டைத் திறந்தார். பயணத்துக்கு முந்தின நாள் மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். “வயிறு கல்லா இருந்தா எந்த மூச்சுப் பயிற்சியும் வேலைக்காகாது. நீங்கல்லாம் நுரையீரலப் பத்திப் பேசுங்க. நான் குடலப் பாத்துக்கிறேன்.” மருந்துப் பையும் சக்கர நாற்காலியுமாகத் தான் கீழ்த்தளத்தில் இருப்பதாகச் சொன்னார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஏறமுடியுமா பிரேம்?” என்று டாக்டர் கேட்டார்.

“அஞ்சு வாரம் இருக்கு. ஏத்திடலாம்.”

அது ஒரு வாக்குறுதி. நான் வாக்குறுதி கொடுப்பதை நிறுத்திப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

என் மனைவி சிவானி இறந்து பதினொரு மாதம். மூளையில் இரத்தக் கசிவு. காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பினாள், ஒன்பதுக்கு இல்லை. எங்கள் குழுவுக்கு வேலையே இல்லாத மரணம். அவளுக்கு முப்பது வயது.

அதன்பிறகு குழுவில் எல்லாரும் என்னைக் கவனித்துக்கொள்ள முயன்றார்கள். ஆயிரம் குடும்பங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள். எனக்குச் சொல்ல வராமல் தடுமாறினார்கள். டாக்டர் அமீரா பார்க்கும்போதெல்லாம் தூக்கம் எப்படி என்று கேட்பார். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வார். உம்மு சல்மா நெய்ச்சோறு கொண்டுவருவார், சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நிற்பார். கவிப்ரியா ஒருநாள் என் மேசையில் துக்கத்தைக் கடப்பது பற்றிய துண்டுப் பிரசுரத்தை வைத்துவிட்டுப் போனார். அதன் தமிழைத் திருத்திக் கொடுத்தவன் நான்தான்.

யார்மீதும் குறை இல்லை. எதுவும் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது இரட்டைத்தளப் பேருந்தில் ஏறிப் படிகளை எண்ணினேன். ஒன்பது. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்து, கைக்கு எட்டிய படிகளின் உயரத்தைப் பார்த்தேன். பின்னால் காத்திருந்த ஒரு பெண், “ஏதாவது தொலைஞ்சுபோச்சா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்று வழிவிட்டேன். மேலே போகவில்லை. சிவானிக்கு மேல்தளம்தான் பிடிக்கும். எனக்குத் தலை சுற்றும் என்று சொல்லி நான் எப்போதும் கீழேயே நிற்பேன்.

*

புக்கிட் மேராவில் வடிவேலுவின் வீடு ஏழாம் மாடி. வாரம் மூன்று நாள் போனேன். ஏழிலிருந்து எட்டுக்குப் படியில் ஏறவேண்டும். நடுவில் திரும்பும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எட்டாம் மாடியில் இன்னொன்று. நாற்காலிகளைக் கொண்டுவந்து வைப்பது கண்மணி.

படியேற ஒரு முறை உண்டு. பலமான கால் முதலில். ஏறும்போது மூச்சை வெளியே விட வேண்டும், உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல. இரண்டு படிக்கு ஒருமுறை நிற்க வேண்டும், மூச்சு வாங்குவதற்கு முன்பே. வாங்கிய பிறகு நின்றால் தாமதம். கையில் ஒரு சிறிய மின்விசிறி. முகத்தில் காற்று பட்டால் மூச்சுத்திணறல் குறைந்ததுபோல் மூளைக்குத் தோன்றும். கண்மணி தேக்கா சந்தையில் ஒன்று வாங்கிவந்தார். ரோஸ் நிறம், பூனைக் காது வைத்தது.

“வேற கலர் இல்லையா?” என்றார் வடிவேலு.

“இதுலதான் காத்து நல்லா வருது. கேப்டனுக்கு மானம் போயிருச்சோ?” இங்கே பேருந்து ஓட்டுநரைக் ‘கேப்டன்’ என்பார்கள்.

முதல் நாள் ஒரு மாடி ஏற இருபத்திரண்டு நிமிடம் ஆனது. எட்டாம் மாடியில் உட்கார்ந்து, விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஏத்தத்துல இரண்டாவது கியர்ல போகணும். நான் நாலுல ஏறப் பாத்தேன்,” என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு இழுவை தெரியும், வேகம் தெரியும், எஞ்சின் சூடாவதற்கு முன் நிறுத்தத் தெரியும்.

இறங்குவதற்கு மின்தூக்கி. எட்டிலிருந்து ஏழுக்கு. மூச்சைச் சிக்கனம் செய் என்பது நானே சொல்லித்தரும் பாடம். மின்தூக்கி இருக்கும்போது எதற்காகப் படியில் இறங்க வேண்டும்? ஐந்து வாரமும் அப்படித்தான். ஏறுவோம், உட்காருவோம், மின்தூக்கியில் இறங்குவோம். எட்டாம் மாடிச் சீன அம்மா ஒருவர் எங்களை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு, கடைசி வாரத்தில் கைதட்டினார்.

கடைசி வாரம் பதினெட்டுப் படிக்கு ஆறு நிமிடம். ஒன்பதுக்கு மூன்று நிமிடம். பேருந்து முனையத்தில் ஏற நான்கு நிமிடம் கிடைக்கும் என்று ஜாஃபர் சொல்லியிருந்தார். ஜாஃபர் வடிவேலுவின் பழைய சகா. அதே தடத்தில் இன்னும் ஓட்டுகிறார். புக்கிட் மேராவிலிருந்து சிராங்கூன் ரோடு வழியாக ஆங் மோ கியோ. ஞாயிறு மாலைப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“பாய், பிரேக்க மெதுவா போடுங்க,” என்று வடிவேலு தொலைபேசியில் சொன்னார்.

“உங்க மாதிரி போட்டாத்தான் எல்லாரும் பறந்துபோய் விழுவாங்க கேப்டன்,” என்றார் ஜாஃபர்.

*

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. மாலை ஆறு இருபதுக்கு உம்மு சல்மா மருந்து கொடுத்தார். ஆறு ஐம்பதுக்கு நாங்கள் பேருந்து நிலையத்தில். வடிவேலு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, வருகிற ஒவ்வொரு பேருந்தையும் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். “டயர்.” “லேட்.” “ஐயோ, வளைக்கிறத பாரு.”

ஜாஃபர் கதவைத் திறந்தார். கீழே இறங்கிவந்து வடிவேலுவின் தோளில் கை வைத்தார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கவிப்ரியா முதலில் மேலே ஓடினார், இடம்பிடிக்க. நான் வடிவேலுவுக்குப் பின்னால் ஒரு படி கீழே நின்றேன். கண்மணி எனக்குப் பின்னால். விசிறி சுழன்றது.

“இரண்டாவது கியர்,” என்றார்.

வலது கால். ஊது. இடது கால். நில். வலது கால். ஊது. மூன்றாவது படி தாண்டி வளைவு. அங்கே ஒருமுறை கைப்பிடியைத் தேடினார். நான் அவர் கையை எடுத்து அதில் வைத்தேன். ஆறு. ஏழு. கீழே ஏறிய பயணிகள் காத்திருந்தார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. எட்டு. ஒன்பது.

மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

மேலே கவிப்ரியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். முன் இருக்கையில் அவர் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு, எங்களுக்குக் கைகொடுக்கப் படிப்பக்கம் வந்திருக்கிறார். உணவங்காடியில் இடம்பிடிக்க அப்படி வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். பேருந்தில் அந்த வழக்கம் கிடையாது. எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிப்போன இரண்டு பங்களாதேஷ் ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டி, “உங்களோடதா?” என்றார்.

கவிப்ரியாவின் நிபுணத்துவம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “இவர் இருபத்தேழு வருஷம் இந்த பஸ்ஸ ஓட்டியிருக்காரு. இன்னிக்குத்தான் மொதல்தடவையா மேல வர்றாரு,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். இருவரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

வடிவேலு உட்கார்ந்தார். பக்கத்தில் நான். வழிக்கு அந்தப் பக்கம் கண்மணி. முன்னால் கண்ணாடி மட்டும்.

பேருந்து நகர்ந்தது. வடிவேலுவின் வலது கால் தரையை அழுத்தியது.

“பிரேக் இல்ல அங்கிள்,” என்றேன்.

“தெரியும்லா. கால் கேக்க மாட்டேங்குது.”

தியோங் பாருவில் ஒரு மரக்கிளை கண்ணாடியில் தட்டியது. குனிந்தார், பிறகு சிரித்தார். “இந்தச் சத்தமா! இருபத்தேழு வருஷம் மேல யாரோ சண்ட போடுறாங்கன்னு நெனச்சேன்.” சைனாடவுனில் ஒரு வாடகைக் கார் குறுக்கே நுழைந்தது. ஜாஃபர் மெதுவாக நிறுத்தினார். “பாஸ்,” என்றார் வடிவேலு. கண்மணி ஆச்சரியத்தோடு திரும்பினார். “கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்துல இவரு ஒரு டிரைவருக்கு பாஸ் மார்க் போட்டு இப்பத்தான் பாக்குறேன்.”

என் வேலை அவர் மூச்சை எண்ணுவது. நிமிடத்துக்கு இருபத்துநான்கு. சிலிகி ரோட்டில் இருபத்திரண்டு. நல்ல எண்.

சிலிகி ரோடு முடிந்து சிராங்கூன் ரோடு தொடங்குகிற இடத்தில் பேருந்து நின்றது. ஜாம். முன்னால் பிரேக் விளக்குகளின் வரிசை.

“வந்துருச்சு, நம்ம ஜாம்,” என்றார் வடிவேலு, சொந்தக்காரரைப் பார்த்ததுபோல.

இருட்டிவிட்டிருந்தது. சாலைக்குக் குறுக்கே கட்டிய முதல் விளக்கு வளைவு எங்களுக்கு நேர் எதிரே. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற விளக்குகள் எங்கள் கண்மட்டத்தில் இருந்தன. இரண்டு யானைகள், நடுவில் ஒரு தாமரை. யானையின் கண்ணில் ஒரு பல்ப் எரியவில்லை என்பதுகூடத் தெரிந்தது. அதன் பின்னால் அடுத்த வளைவு. அதன் பின்னால் அடுத்தது. மயில்கள், குத்துவிளக்குகள், மறுபடி யானைகள். சாலை முழுக்க மஞ்சளும் ஊதாவும் பச்சையும், ஒன்றுக்குள் ஒன்றாக.

பேருந்து ஊர்ந்தது. தாமரை நெருங்கியது. கண்ணாடியை நிறைத்தது. தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது.

“ஆ!” என்று வடிவேலு கத்தினார்.

மேல்தளம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“அதான்!” என்றார் அவர். “கண்மணி, அதான் அது! பிள்ளைங்க கத்துனது அதுக்குத்தான்!”

“நானும் எத்தன வருஷம் சொன்னேன். கேட்டீங்களா?”

“நீ ‘நல்லா இருக்கு’ன்னு சொன்ன. நல்லா இருக்குன்னா ஒருத்தருக்கு என்ன புரியும்?”

அடுத்த வளைவுக்கு அவரோடு கண்மணியும் சேர்ந்து கத்தினார். அதற்கடுத்ததற்குக் கவிப்ரியா. பின்னால் அந்த இரண்டு ஊழியர்களும். தேக்கா நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்கள் அவர்கள். இறங்கவில்லை. கீழே நடைபாதையில் கூட்டம், பூக்கடைகள், கோயில் வாசலில் செருப்புக் குவியல், நகைக்கடை வெளிச்சம். யாரோ ஒருவர் மேலே பார்த்து எங்களுக்குக் கையசைத்தார். வடிவேலு பூனைக் காது விசிறியை ஆட்டினார்.

நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு, பதினெட்டு. ஒரு மயில் வந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி தொடங்கினேன். மறுபடி தவறியது. பிறகு எண்ணவில்லை.

என் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. பெரிதாக இல்லை.

வடிவேலு என்னைப் பார்த்தார். “நீயுமா தம்பி? மேல வந்ததே இல்லையா?”

“இல்ல அங்கிள். என் வைஃப்தான் மேல வருவா. நான் கீழ நிப்பேன்.”

அவர் தள்ளி உட்கார்ந்து எனக்குக் கண்ணாடிப் பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

*

பெருமாள் கோயில் தாண்டியதும் விளக்குகள் முடிந்தன. சாலை சாதாரணமானது. தோ பாயோவில் பேருந்து பாதி காலியானது. எல்லாரும் நிறைவோடு பின்னால் சாய்ந்தோம்.

அப்போது கண்மணி கேட்டார். “தம்பி, இறங்குறது எப்படி?”

நான் படிப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

கவிப்ரியா என்னைப் பார்த்தார். “இறங்கப் பழகுனீங்கதானே?”

“லிஃப்ட்ல,” என்றேன்.

ஐந்து வாரம். நான்கு நிபுணர்கள். மருந்தின் நேரம், குடலின் நிலை, விசிறிக்கு மாற்று பேட்டரி. ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே ஏறியவர் கீழே இறங்க வேண்டும்.

கவிப்ரியா டாக்டர் அமீராவை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். “டாக்டர், எல்லாம் நல்லா நடந்துச்சு. ஒரே ஒரு விஷயம். இறங்குறத மறந்துட்டோம்.”

டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார். “நானும் கேக்கலையே. பிளான்ல கையெழுத்து போட்டதே நான்தான்.” பிறகு, “வலி இருக்கா? உதடு என்ன கலர்?” என்றார். வலி இல்லை. உதடு சரியாக இருந்தது. “அப்ப அவசரமே இல்ல. மூச்சு அடங்கட்டும். பிரேம் பாத்துப்பாரு.”

ஆனால் அவசரம் இருந்தது. ஆங் மோ கியோ முனையத்தில் எல்லாரும் இறங்கியாக வேண்டும். ஜாஃபர் பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். வடிவேலு எழுந்து நின்று பார்த்தார். முழங்கால் நடுங்கியது. ஏறுவதற்கு ஒரு தசை, இறங்குவதற்கு அதையே வேறுவிதமாகப் பயன்படுத்த வேண்டும். அதை நான் பழக்கவில்லை. குறுகலான, வளைந்த, செங்குத்தான படி. விழுந்தால் இடுப்பு உடையும். அதன்பிறகு அவர் வீட்டுக்குத் திரும்பமாட்டார்.

நான் செய்த தவறு. அவர் கொடுக்கப்போகிற விலை.

முனையத்தில் மற்றவர்கள் இறங்கினார்கள். கீழேயிருந்து உம்மு சல்மாவின் குரல். “என்ன, அங்கேயே குடியிருக்கப் போறீங்களா?”

விஷயத்தைச் சொன்னோம். ஜாஃபர் படியடியில் வந்து எட்டிப்பார்த்தார். “கேப்டன், பன்னெண்டு நிமிஷம்தான்.”

“எனக்குத் தெரியாதா பாய்? நானே எத்தன பேர எழுப்பி இறக்கியிருக்கேன்.”

நான் யோசித்தேன். நடக்கப் பழகுகிற குழந்தை படியில் எப்படி இறங்கும்? அதை நாங்கள் பக்கவாதம் வந்தவர்களுக்கும் சொல்லித்தருவோம்.

மேல்படியில் போய் உட்கார்ந்தேன். “அங்கிள், இப்படி.” கைகளை இரண்டு பக்கமும் ஊன்றி, உடலைத் தூக்கி, அடுத்த படியில் பொத்தென்று உட்கார்ந்தேன். “உக்கார்ற இடம்தான் வண்டி.”

வடிவேலு என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்ட கால்சட்டை.

“யாரும் பாக்கலையே?” என்றார்.

“நான் பாக்குறேன்,” என்றார் கண்மணி. “ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.”

வடிவேலு மேல்படியில் உட்கார்ந்தார். நான் இரண்டு படி கீழே, அவரைப் பார்த்தபடி, அவர் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். ஊது. கை ஊன்று. தூக்கு. பொத்.

ஒன்று.

“புக்கிட் மேரா,” என்றார் வடிவேலு, மூச்சு வாங்கிக்கொண்டே.

எனக்குப் புரிய ஒரு வினாடி ஆனது. படிப்பக்கத்துக் கம்பியில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினேன். டிங்.

கீழே ஜாஃபர், “யாரு பெல் அடிக்கிறது?” என்றார். பிறகு அவருக்கும் புரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு ஓடினார். கதவைத் திறக்காவிட்டால் அடுத்தமுறை மணி ஒலிக்காது. புஸ் என்று கதவு திறந்தது. புஸ் என்று மூடியது.

பொத். “தியோங் பாரு.” டிங். புஸ்.

பொத். “சைனாடவுன்.” டிங். புஸ்.

நான்காவது படி வளைவில் இருந்தது. அங்கே கொஞ்சம் கோணலாகத் திரும்ப வேண்டும். “சிட்டி ஹால். ரைட் டர்ன்.” பின்னால் கவிப்ரியா அவர் தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் கண்மணியும் அப்படியே. அவர் நடந்தே வந்திருக்கலாம்.

“சிலிகி.” டிங். புஸ்.

“தேக்கா.” டிங். புஸ். நான் அடுத்த படிக்குத் தயாரானேன். வடிவேலு கையை உயர்த்தினார். “இங்க எப்பவும் லேட்டாகும். ஞாயித்துக்கெழம வேற.” விசிறியை முகத்துக்குக் காட்டினார். உதட்டைக் குவித்து ஊதினார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். மூச்சு வாங்கிய பிறகு நின்றால் தாமதம் என்று நான் சொல்லித்தந்தது. அவர் மறக்கவில்லை.

“ஜாம் கிளியர்,” என்றார்.

“பெருமாள் கோயில்.” “தோ பாயோ.” டிங். புஸ். டிங். புஸ்.

கடைசிப் படி. கைகளை ஊன்றினார். தூக்கினார். தரையில் வந்து உட்கார்ந்தார். உம்மு சல்மா சக்கர நாற்காலியோடு தயாராக இருந்தார். ஆனால் வடிவேலு எழவில்லை. மூடியிருந்த கதவைப் பார்த்தார். இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

“டிரைவர்! பேக் டோர்!”

இருபத்தேழு வருடம் மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கத்தியது.

ஜாஃபர் கதவைத் திறந்தார். “சாரி, சாரி அங்கிள்!” என்று முன்னாலிருந்து பதில் கத்தினார். உம்மு சல்மா சக்கர நாற்காலியைப் பிடித்தபடி குனிந்து சிரித்தார். கண்மணி படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் தரையில் வடிவேலுவின் பக்கத்தில் இருந்தேன். விலா வலிக்கிறது என்று தெரிந்தபோதுதான் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அந்தத் தசையைப் பயன்படுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

“மிஸ்ஸி, மணி என்ன?” என்றார் வடிவேலு. பழைய ஆட்கள் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஒம்போது நிமிஷம் ஆச்சு அங்கிள்.”

“மூணு நிமிஷம் மிச்சம். பாய், எனக்கு என்ன மார்க்?”

*

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளைப் பலகையில் வடிவேலுவின் வரியைக் கவிப்ரியா அழித்து எழுதினார். வலி: குறைவு. மூச்சு: அப்படியே. தூக்கம்: நன்று. என்ன வேண்டும்: மறுபடியும்.

“தீபாவளி முடிஞ்சு விளக்கு இருக்காதே,” என்றார் டாக்டர்.

“தீபாவளி வர்ற ஞாயித்துக்கெழமதானே டாக்டர், அதுவரைக்கும் எரியும். அவரு சனிக்கிழமைக்குக் கேக்குறாரு. ஜாஃபர் பாய்கிட்ட ஏற்கனவே பேசிட்டாராம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். தூக்கத்துக்கு எண் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“இறங்க வெப்பீங்களா?” என்றார்.

“வெப்பேன்,” என்றேன். கூட்டம் முடிந்தபின் உம்மு சல்மா நெய்ச்சோற்று டப்பாவை நீட்டினார். திறந்து சாப்பிட்டேன். ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கவிப்ரியாவிடம் ஓடிப்போய், “உப்பு, ஏலக்காய் எல்லாம் சொல்றாரு!” என்றார், லாட்டரி விழுந்ததுபோல.

அன்று பிற்பகல் புக்கிட் மேராவுக்குப் போனேன். மின்தூக்கியில் எட்டாம் மாடிக்கு ஏறினோம். நாற்காலிகளைக் கண்மணி முன்பே வைத்திருந்தார். இறங்க ஒரு முறை உண்டு. பலவீனமான கால் முதலில். ஊது. நில்.

மூன்று படி இறங்கியிருந்தோம். மேலே மின்தூக்கி வந்து நின்று கதவு திறந்தது. அந்தச் சீன அம்மா உள்ளேயிருந்து எங்களைப் பார்த்தார். பொத்தானை அழுத்திக் கதவைப் பிடித்துக்கொண்டு, வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

வடிவேலு திரும்பிப் பார்க்கவில்லை. ரோஸ் நிற விசிறியை உயர்த்தி ஆட்டினார்.

“நீங்க போங்க ஆண்டி. நாங்க அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கிறோம்.”